கத்தி கடைசிப் புகலிடம் ஆனது எப்படி? குரோன் நோய்ச் சிகிச்சை வரலாற்றில் ஒரு கருத்தின் தடம்

குரோன் நோய் என்று உறுதியானதும் நோயாளி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமா?" என்பது. பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: "முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம். எதுவுமே கேட்கவில்லை என்றால்தான் ஆபரேஷன்." மாத்திரை, அதன்பின் ஸ்டீராய்டு, அதன்பின் ஊசி மருந்துகள், எல்லாம் தோற்றபின் கத்தி என்கிற வரிசை இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. நோயின் இயல்பே இந்த வரிசையை விதித்ததுபோல நாம் பேசுகிறோம். ஆனால் 1932இல் இந்த நோயை வரையறுத்தவர்கள் நேர் எதிராகவே எழுதினார்கள். அவர்கள் கணக்கில் நோயுற்ற குடலை வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. மருந்து வெறும் ஆறுதல். வரிசை எப்போது தலைகீழானது, எந்தக் காரணங்களால், அந்தக் காரணங்கள் இன்றும் செல்லுபடியாகுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஓர் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கும் வரலாம். பெருங்குடல் முழுவதும் பரவிய நோயும், ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரமாக வெடிக்கும் நோயும் தனித்தனி வரலாறு கொண்டவை. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அது பெருங்குடலோடு சேரும் இடமுமே இங்கே பேசுபொருள். நோய் அதிகமாகத் தங்கும் இடமும் அதுதான், கத்தியா மருந்தா என்ற தெரிவு மெய்யாகவே இருக்கிற இடமும் அதுதான்.

அறுவை மேசையில் பிறந்த நோய்

1913இல் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் தாமஸ் கென்னடி டால்சீல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார். குடற்சுவர் முழுத் தடிமனுக்கும் வீங்கி, செத்து விறைத்த விலாங்குமீன் மாதிரி வழவழவென்று கெட்டிப்பட்டிருந்ததாக அவர் விவரிக்கிறார். நுண்ணோக்கியில் காசநோயை நினைவூட்டும் மாற்றங்கள் தெரிந்தன. காசநோய்க் கிருமி மட்டும் இல்லை. மாடுகளின் குடலைத் தாக்கும் யோனே நோயோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். நோய் ஓரிடத்தில் அடங்கியிருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிடுவதே அவருக்குத் தெரிந்த வழி. அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் வந்தது. டால்சீலின் கட்டுரையைப் பல பத்தாண்டுகள் யாரும் புரட்டவில்லை. போலந்துக்காரர்கள் இன்னும் பின்னே போய், 1904இல் எழுதிய தங்கள் ஊர் அறுவை மருத்துவர் லெஷ்னியோவ்ஸ்கியின் பெயரை இன்றும் குரோனுக்கு முன்னால் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பெயர் நிலைத்தது நியூயார்க்கில். மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையை 1932 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் வயிற்றைத் திறந்தவர் அந்த மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் ஏ. ஏ. பெர்க். தான் எழுதாத கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆசிரியர்களின் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் அச்சாயின. முதலில் வந்த பெயர் நோயின் பெயராயிற்று. பெர்க் சம்மதித்திருந்தால் வரிசையில் அவரே முதல்வர். உள்மருத்துவர் ஒருவரின் பெயரைச் சுமக்கும் இந்த நோய் ஓர் அறுவை மருத்துவரின் பெயரைச் சுமந்திருக்கக்கூடியது. இது வெறும் சுவையான தகவல் என்று எனக்குத் தோன்றவில்லை. நோய் யாருடைய ஆட்சிப் பகுதி என்ற போட்டி அந்த முதல் பக்கத்திலேயே தொடங்கிவிட்டது.

அக்கட்டுரை அறுவையை நம்பியதற்குக் காரணம் எளிது. எதிரில் போட்டிக்கு மருந்தே இல்லை. ஓய்வு, பத்தியச் சாப்பாடு, ரத்தம் ஏற்றுதல் என்பவைதான் கையில் இருந்தன. வெட்டி எடுத்தால் நோய் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு எதிராக ஒரு சான்றும் அப்போது சேர்ந்திருக்கவில்லை. ஆக, 1932இல் அறுவை முன்னால் நின்றது மருந்தை வென்றதால் அல்ல.

நோயை வயிற்றிலேயே விட்டுவிட்ட காலம்

நம்பிக்கை நீடிக்கவில்லை. வெட்டி இணைத்த இடத்திலேயே, அதுவும் இணைப்புக்குச் சற்று மேலே உள்ள சிறுகுடலில், நோய் மறுபடி தலைகாட்டியது. இன்னொரு பக்கம் அறுவையே ஆளைக் கொன்றது. ஆன்டிபயாடிக் இல்லாத, ரத்த வங்கி முளைவிட்டுக்கொண்டிருந்த நாட்களில் சீழ்க்கட்டிகளோடு ஒட்டிக் கிடக்கும் குடலைப் பிரித்தெடுப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. மவுண்ட் சினாயிலேயே மாற்று வழி ஒன்று உருவானது. நோயுற்ற பகுதியைத் தொடாமல் வயிற்றிலேயே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நல்ல குடலைப் பெருங்குடலோடு நேராக இணைத்து, உணவுக்குப் புறவழி போட்டுக் கொடுப்பது. 1945இல் அறுவை மருத்துவர் கார்லாக்கும் குரோனும் சேர்ந்து தங்கள் மருத்துவமனையின் கணக்கை வெளியிட்டபோது, இந்த வழியில் அறுவைச் சாவுகள் வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் இதற்கு நல்ல செல்வாக்கு.

இந்த அறுவையை உலகறியச் செய்தவர் ஒரு நோயாளி. அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குப் பல ஆண்டுகளாக அவ்வப்போது வயிற்று வலி வந்துகொண்டிருந்தது. 1956 மே மாத எக்ஸ்ரே படத்தில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் தெரிந்தது. ஜூனில் குடல் அடைத்துக்கொண்டது. 9ஆம் தேதி விடிவதற்குள் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் லியோனார்ட் ஹீட்டன் தலைமையில் அறுவை நடந்தது. நோயுற்ற குடலை எடுக்கவில்லை. புறவழி இணைப்பு மட்டுமே போட்டார்கள். ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் அதிபருக்கு மாரடைப்பு வந்திருந்தது. நவம்பரில் தேர்தல். அறுபத்தைந்து வயது நோயாளியைச் சீக்கிரம் மேசையிலிருந்து இறக்க வேண்டும் என்ற கணக்கு இதில் இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. அவர் தேர்தலில் நின்றார், வென்றார், முழுப் பதவிக்காலமும் ஆண்டார். ஏன் வெட்டி எடுக்கவில்லை என்று அறுவை மருத்துவர்கள் அதற்குப்பின் நெடுநாள் வாதிட்டார்கள். 1969 பிப்ரவரியில் அவருக்கு மீண்டும் குடல் அடைத்தது. மறுபடியும் வயிற்றைத் திறந்தவர் ஹீட்டன். இம்முறை காரணம் பழைய அறுவையின் தழும்பு ஒட்டல்கள். அடுத்த மாதம் இதயம் செயலிழந்து அவர் இறந்தார்.

புறவழியின் குறை மெல்ல வெளிப்பட்டது. விட்டுவைத்த குடலில் நோய் அடங்கவில்லை. சிலருக்கு அந்த ஒதுக்கப்பட்ட பகுதியிலேயே பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. உணவு போகாத குடல் என்பதால் அடைப்போ ரத்தப்போக்கோ முன்கூட்டி எச்சரிக்கவில்லை. மயக்க மருந்தும் ஆன்டிபயாடிக்கும் மேம்பட்டபின் வெட்டி எடுப்பதன் ஆபத்தும் குறைந்தது. 1970களில் புறவழி அநேகமாக வழக்கொழிந்தது.

ஆனால் அதற்குள் மருத்துவர்கள் மனத்தில் ஒரு பாடம் பதிந்துவிட்டது: எப்படி அறுத்தாலும் நோய் திரும்பும். பாடம் சரியானதுதான். அதிலிருந்து இரண்டு முடிவுகள் எடுக்கலாம். "திரும்பும் என்பதால் அறுவையைத் தள்ளிப்போடு" என்பது ஒன்று. "திரும்பும் என்பதால் அறுத்தபின் கண்காணி" என்பது மற்றது. முதல் முடிவு உடனே வேரூன்றியது. இரண்டாவது முடிவுக்கு மருத்துவ உலகம் வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

ஸ்டீராய்டு வாங்கிக் கொடுத்த அவகாசம்

தள்ளிப்போட ஒரு கருவி வேண்டுமே! அது 1950களில் கிடைத்தது. ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு நோய்க்காக உருவாக்கிய சல்ஃபாசலசின் ஏற்கெனவே குடலுக்கு வந்திருந்தது. கார்டிசோன் வந்ததும் நிலைமை அடியோடு மாறியது. ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவும் விட்ஸும் 1955இல் பெருங்குடல் புண் நோயில் அதன் பலனை முறையான ஆய்வில் நிறுவினார்கள். குரோன் நோய்க்கும் அதே மருந்து பரவியது. காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், எடை ஏறும், நோயாளி வேலைக்குப் போவார். அறுவை மருத்துவரின் அறை வாசலில் நின்றவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஸ்டீராய்டு உண்மையில் எவ்வளவு செய்கிறது என்று எண்ணிப் பார்த்த முதல் பெரிய முயற்சி, 1979இல் முடிவுகள் வெளியான அமெரிக்கத் தேசியக் கூட்டு ஆய்வு. 569 நோயாளிகள், பிரெட்னிசோன், சல்ஃபாசலசின், அசாதியோபிரின், வெற்று மாத்திரை. கொழுந்துவிட்ட நோயை ஸ்டீராய்டு அடக்கியது. அடங்கிய நோயை அடங்கியே வைத்திருக்க அதனால் முடியவில்லை. அறுவைக்குப்பின் நோய் திரும்புவதையும் அது தடுக்கவில்லை. மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்து நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியான கணக்கு இன்னும் கசப்பானது. முதல்முறை ஸ்டீராய்டு தொடங்கிய குரோன் நோயாளிகளில் ஓராண்டுக்குள் 38 விழுக்காட்டினர் அறுவைக்குப் போனார்கள். 28 விழுக்காட்டினர் ஸ்டீராய்டை விட முடியாதவர்களாக ஆனார்கள். மருந்தை நிறுத்தியும் நலமாக இருந்தவர்கள் 32 விழுக்காடுதான். முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி, கடைசியில் கத்திக்கே வந்தவர்களுக்கு அந்த ஓராண்டு அவகாசம் லாபமா நட்டமா என்று அக்காலத்தில் யாரும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. மெலிந்து, ஸ்டீராய்டில் ஊறிய உடம்பில் போட்ட தையல் சரியாக ஆறாது, சீழ் பிடிக்கும். தாமதித்துச் செய்த அறுவையின் கெட்ட விளைவுகளும் அறுவையின் கணக்கிலேயே எழுதப்பட்டன என்பது என் கருத்து. கத்தியின் பெயர் கெட்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நோய் எதிர்ப்பாற்றலை நேரடியாகத் தணிக்கும் மருந்துகளும் அப்போதுதான் நுழைந்தன. குரோன் நோயில் அசாதியோபிரினைப் பற்றி 1969இல் எழுதிய முன்னோடிகளில் முதற்பெயர் பிரையன் புரூக். குடலை வயிற்றுச் சுவர் வழியே வெளியே திறந்து தைக்கும் முறைக்கு இன்றும் தன் பெயரைக் கொடுத்து நிற்கும் அறுவை மருத்துவர் அவர்! அந்தக் குடும்பத்து மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று 1980இல் பிரசென்ட், கோரலிட்ஸ் குழு காட்டியது. பலன் தெரியச் சராசரியாக மூன்று மாதம். 1979 ஆய்வு 17 வாரத்தில் கணக்கை முடித்ததால் அசாதியோபிரின் அதில் பலனற்றதுபோல் தெரிந்ததற்கு இது ஒரு விளக்கம்.

காசநோய் கற்றுக்கொடுத்த அறுவை

அறுவை மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் முதலில் எதிர்த் திசையில் ஓடினார்கள். நோயின் சுவடே இல்லாத குடல்வரை அகலமாக வெட்டினால் திரும்பாது என்று நம்பி மீட்டர் கணக்கில் குடலை இழக்கச் செய்தார்கள். இரண்டு மூன்று அறுவை கண்டவர்களுக்கு உணவை உறிஞ்சக் குடல் போதாமல் போனது. 1968இல் டட்ரிக் குழு ரத்தநாளம் வழியே முழு உணவையும் செலுத்தலாம் என்று காட்டியதால் அவர்களில் பலர் பிழைத்தார்கள். ஆனால் குழாயோடு கட்டுண்ட வாழ்க்கை. அகல வெட்டு வீண் என்பது ஐயமற நிறுவப்பட்டது 1996இல்தான். கிளீவ்லாந்தில் ஃபாசியோ குழு 131 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 2 செ.மீ., மறு சாராருக்கு 12 செ.மீ. நல்ல குடலைச் சேர்த்து எடுத்தது. நோய் திரும்புவதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அதற்கு முன்பே பிரிட்டனில் வேறொரு சிந்தனை வந்திருந்தது. இந்த நோயை அறுத்துத் தீர்க்க முடியாது; அடைப்பை மட்டும் நீக்கி, குடலை முடிந்தவரை மிச்சம் பிடிப்போம் என்றார்கள் பர்மிங்காமின் அலெக்சாண்டர்-வில்லியம்ஸ் போன்றோர். இதற்கான முறை கிடைத்த இடம் இந்தியா. காசநோயால் குடல் பல இடங்களில் இறுகிய நோயாளிகளுக்கு, அந்தத் துண்டுகளை வெட்டி எறியாமல், இறுகிய இடத்தை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலப்படுத்திய அனுபவத்தைக் கட்டாரியாவும் தோழர்களும் 1977இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் இம்மானுவேல் லீ அதைக் குரோன் நோய்க்கு எடுத்துச் சென்று, பாப்பையோனுவுடன் 1982இல் வெளியிட்டார். நோயுள்ள குடலில் தையல் நிற்காது என்று எல்லோரும் பயந்தார்கள், தையல் நின்றது. காசநோய் அல்ல என்று பிரித்துக் காட்டித் தன் அடையாளத்தைப் பெற்ற நோய், தன் குடலைக் காக்கும் முறையைக் காசநோயாளிகளிடமிருந்தே பெற்றது.

இந்தச் சிக்கன அறுவை மருத்துவத்துக்குப் பெரும் நன்மை. ஆனால் அதனோடு வந்த கோட்பாடு, "அறுவை சிக்கல்களுக்கு மட்டும்" என்று எல்லை வகுத்தது. அடைப்பு, சீழ், ஓட்டை ஆகியவை வந்தபின் அழையுங்கள் என்று அறுவை மருத்துவரே சொல்லிவிட்டார். கத்தி கடைசிப் புகலிடம் என்ற கருத்து இப்போது இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆயிற்று.

அறுத்தபின் என்ன நடக்கிறது?

பெல்ஜியத்தின் லூவன் நகரில் பால் ருட்கேர்ட்ஸ் கேட்ட கேள்வி வேறு. வலி திரும்பும்வரை காத்திருக்காமல், அறுவை முடிந்த நோயாளிகளின் குடலை அவர் அகநோக்கிக் கருவியால் பார்த்தார். ஓராண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு இணைப்புக்கு மேலே புதுப் புண்கள் இருந்தன. அவர்களில் பலர் நலமாக உணர்ந்துகொண்டிருந்தார்கள். புண்ணின் கடுமையை வைத்து, யாருக்கு நோய் சீக்கிரம் முற்றும் என்று அவர் 1990இல் தரம் பிரித்துக் காட்டினார். அந்த அளவுகோல் அவர் பெயரிலேயே இன்றும் புழங்குகிறது. அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வந்த அவர் குழுவின் சிறு ஆய்வு இன்னும் கூர்மையானது. இணைப்புக்கு மேலேயே குடலைத் தற்காலிகமாக வெளியே திறந்து, மலம் இணைப்பைத் தொடாமல் வைத்த 5 பேருக்கு ஆறு மாதமும் புண் வரவில்லை. குடலை மறுபடி சேர்த்து மலம் ஓடத் தொடங்கியதும் வந்தது. நோய் திரும்புவது விதி என்று சோர்ந்திருந்த இடத்தில், எப்போது, எங்கே, எதைத் தொட்டு வருகிறது என்று பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்தால் தடுக்கவும் முடியும்.

தடுக்கலாம் என்பதை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 174 பேரிடம் நடந்து 2015இல் வெளியான போசர் ஆய்வு காட்டியது. அறுவைக்குப்பின் ஆறாம் மாதம் குடலைப் பார்த்து, புண் இருந்தால் மருந்தைக் கூட்டிய குழுவில் பதினெட்டாம் மாதம் நோய் திரும்பியவர்கள் 49 விழுக்காடு; பார்க்காமல் விட்ட குழுவில் 67. புகைபிடிப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதையும் இந்த ஆய்வு உறுதிசெய்தது. அறுவைக்குப்பின் பீடி, சிகரெட்டை விடுவதைவிட மலிவான தடுப்பு மருந்து இல்லை.

ஊசி மருந்துகளின் வருகை

1993இல் ஆம்ஸ்டர்டாமில் எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு சிறுமிக்கு, கட்டிச் சிதைவுக் காரணி எனப்படும் புரதத்தை மறிக்கும் ஆன்டிபாடி கொடுக்கப்பட்டது. குடல் புண்கள் ஆறின. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வில்செக், லே இருவரின் ஆய்வுக்கூடத்தில் உருவான அந்த மருந்துதான் பின்னாளில் இன்ஃப்ளிக்சிமாப். 1997இல் டார்கன் குழு 108 நோயாளிகளிடம் சோதித்தபோது, கிலோவுக்கு 5 மி.கி. ஒரே ஒரு தடவை பெற்றவர்களில் 81 விழுக்காட்டினருக்கு நான்கு வாரத்தில் பலன் தெரிந்தது; வெற்று மருந்து பெற்றவர்களில் 17. அடுத்த ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடாலிமுமாப், வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப், ரிசாங்கிசுமாப், வாய்வழி மருந்தான உபடாசிடினிப் எனப் பட்டியல் நீண்டது. 2010இல் வெளியான சோனிக் ஆய்வில், இன்ஃப்ளிக்சிமாபையும் அசாதியோபிரினையும் சேர்த்துக் கொடுத்தபோது 26ஆம் வாரம் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியவர்கள் 56.8 விழுக்காடு. அசாதியோபிரின் மட்டும் பெற்றவர்களில் 30.

அறுவைகள் குறைந்தனவா? பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான கணக்கின்படி, நோய் தெரிந்த பத்து ஆண்டுகளுக்குள் அறுவைக்குப் போகும் வாய்ப்பு 2000க்கு முன் 46.5 விழுக்காடு, அதற்குப்பின் 26.2. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நோயை முன்கூட்டியே கண்டுபிடித்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். எப்படியானாலும் நால்வரில் ஒருவருக்கு அறுவை இன்னும் காத்திருக்கிறது. இத்தனை மருந்துகள் வந்தபின் இன்னொரு வேடிக்கையும் நேர்ந்தது. முன்பு ஸ்டீராய்டு தோற்றதும் அறுவை. இப்போது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு ஊசிகள் தோற்றபின் அறுவை. வரிசையின் கடைசி இடம் மேலும் பின்னால் தள்ளிப்போனது.

நேருக்கு நேர்

கத்தியையும் மருந்தையும் ஒரே தராசில் வைத்து முறையாக நிறுத்த ஆய்வு, நோய்க்குப் பெயர் வைத்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 29 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட லிரிக் ஆய்வு அது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 40 செ.மீ.க்குள் அடங்கிய நோய். தழும்படைப்போ சீழ்க்கட்டியோ இல்லை. குறைந்தது மூன்று மாதம் வழக்கமான மருந்துகள் கேட்கவில்லை. இப்படிப்பட்ட 143 பேரில் 73 பேருக்குச் சிறுதுளை வழியே குடலின் அந்தத் துண்டை எடுத்தார்கள். 70 பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப். இந்த நோயாளிகளைக் கவனியுங்கள். நாற்பது ஆண்டு உடன்படிக்கையின்படி இவர்களில் ஒருவருக்கும் அறுவை தேவையில்லை.

அளந்தது வாழ்க்கைத் தரத்தை. 32 முதல் 224வரை மதிப்பெண் தரும் குடல்நோய் வினாத்தாளில், ஓராண்டு முடிவில் அறுவைக் குழு 178.1, மருந்துக் குழு 172.0. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. அறுவை தோற்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இதுவே அதிர்ச்சி. சராசரியாக ஐந்து ஆண்டுகளைக் கடந்து 134 பேரைப் பின்தொடர்ந்த 2020ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் கனமானது. மருந்தில் தொடங்கிய 65 பேரில் 31 பேர் கடைசியில் அறுவைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் மருந்தைத் தொடர்ந்துகொண்டோ, கூட்டிக்கொண்டோ, மாற்றிக்கொண்டோ இருந்தார்கள். அறுவையில் தொடங்கிய 69 பேரில் 18 பேர் பின்னர் இவ்வகை ஊசி மருந்துக்கு வந்தார்கள். இரண்டாம் முறை குடலை வெட்ட வேண்டியவர் ஒருவரும் இல்லை. 29 பேருக்கு நோய்க்கான கூடுதல் மருந்தே தேவைப்படவில்லை; அவர்களில் பாதிப்பேர் முன்னெச்சரிக்கையாகத் தடுப்பு மாத்திரை சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆய்வு சிறியது. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை நோயாளியும் மருத்துவரும் அறிந்திருந்தார்கள். ஐந்தாண்டு என்பது இருபது வயதில் நோய் பெற்றவருக்குக் குறுகிய காலம். வெட்டியெடுக்கும் அந்தத் துண்டுதான் வைட்டமின் பி12ஐயும் பித்த உப்புகளையும் உறிஞ்சும் இடம். சிலருக்கு வாழ்நாள் முழுக்க பி12 ஊசி வேண்டியிருக்கும், பேதி தொடரும். ஆனால் மறுதட்டில் இருப்பவற்றையும் நிறுத்தாக வேண்டும்: தொற்று, காலப்போக்கில் மருந்து பலிக்காமல் போதல், எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவில்லாத மருத்துவமனைப் பயணம். 1,279 பேரைக் கொண்ட டென்மார்க் நாட்டுப் பதிவேட்டு ஆய்வும் 2023இல் இதே பக்கம் சாய்ந்தது. நோய் தெரிந்த ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாம் ஆண்டில் எந்த மருந்திலும் இல்லை. பதிவேட்டு ஆய்வில் அறுவைக்கு அனுப்பப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும் என்பதால் இதை லிரிக்குக்கு நிகராக நான் வைக்கவில்லை. துணைச் சான்றாக மட்டும் கொள்கிறேன்.

கதை அங்கே நின்றுவிடவும் இல்லை. 2024இல் பிரிட்டனின் புரொஃபைல் ஆய்வு மருந்துத் தரப்பின் வலுவான பதிலைக் கொண்டுவந்தது. நோய் புதிதாகத் தெரிந்த 386 பேரில் பாதிப்பேருக்கு வரிசை முறையை விட்டுவிட்டுத் தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்சிமாபும் துணை மருந்தும் கொடுத்தார்கள். ஓராண்டில் ஸ்டீராய்டும் அறுவையும் இல்லாமல் நோய் அடங்கியே இருந்தவர்கள் 79 விழுக்காடு. படிப்படியாக ஏறிய குழுவில் 15 மட்டுமே. வயிற்று அறுவைக்குப் போனவர்கள் ஒரு பக்கம் ஒருவர், மறு பக்கம் பத்துப் பேர். இது லிரிக்கை மறுப்பதாகச் சிலர் படிக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றையே சொல்வதாகப் படுகிறது. தோற்றது தாமதம். வலுவான சிகிச்சை எதுவானாலும் குடல் தழும்பேறுவதற்குள் கொடுத்தவர்கள் வென்றிருக்கிறார்கள்.

தழும்பேறிய பிறகு தெரிவு குறுகிவிடுகிறது. இறுகிய குடலுடன் வந்த 97 பேருக்கு அடாலிமுமாப் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில் ஆறு மாதத்தில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். வீக்கத்தால் இறுகியவரை மருந்து காப்பாற்றும். இறுகிய இடத்துக்கு முன்னால் குடல் ஊதிப் பெருத்தவரும், குடலில் ஓட்டை விழுந்து சீழ் சேர்ந்தவரும் இன்றும் அறுவை மருத்துவரின் நோயாளிகளே.

நம் ஊரில் இந்தத் தெரிவு

டால்சீல் பட்ட குழப்பம் இந்தியாவில் இன்றும் அன்றாடக் குழப்பம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண், இறுக்கம், எடைக்குறைவு என்று வருபவருக்குக் காசநோயா குரோனா? பயாப்சித் துணுக்குகளில் இரண்டையும் பிரிக்கும் அடையாளங்களை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் புலிமூட், ராமகிருஷ்ணா குழு 1999இல் கட் இதழில் வகுத்துக் கொடுத்தது. காசநோயில் செல்திரள்கள் பெரியவை, பல, ஒன்றோடொன்று சேர்ந்தவை; குரோனில் சிறியவை, அரிதானவை. பிரிக்க முடியாதபோது இரண்டு மூன்று மாதம் காசநோய் மருந்து கொடுத்துக் குடலை மறுபடி பார்ப்பது நம் வழக்கம். உண்மையில் குரோன் உள்ளவருக்கு அந்தக் காத்திருப்பு குடல் இறுக்கத்துக்கு வழிவகுப்பதாக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மறுபக்கம், இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களுக்குக் காசநோய் கிளம்பிய 70 நேர்வுகளை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்தபோது உலகமே விழித்துக்கொண்டது. உறங்கும் காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் அந்த அபாயம் புறக்கணிக்கக்கூடியதா?

அடாலிமுமாப்பின் உலகின் முதல் ஒத்த மருந்தை ஓர் இந்திய நிறுவனம் 2014 இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தபின் விலை இறங்கியிருக்கிறது. ஆனாலும் சொந்தக் காசில் ஆண்டுக்கணக்காக ஊசி போட்டுக்கொள்வது நடுத்தரக் குடும்பத்தையே உலுக்கிவிடும். பணமில்லாமல் ஊசியை விட்டு விட்டுப் போட்டுக்கொள்வது மோசமான வழி; இடைவெளி விழுந்தால் உடம்பு அந்த மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கிப் பலனைக் கெடுத்துவிடும். லிரிக் ஆய்வின் செலவுக் கணக்கில், மருந்து தடையின்றிக் கிடைக்கும் நெதர்லாந்திலேயே அறுவைதான் சிக்கனமாக வந்தது. நம் நாட்டில் அறுவைக்கு இன்னொரு பயனும் உண்டு. எடுத்த குடலின் முழுத் தடிமனும் நிணநீர் முடிச்சுகளும் நோயியலாளர் கையில் கிடைப்பதால், துணுக்குகளால் தீராத காசநோய்ச் சந்தேகம் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

எனவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கத்தி கடைசிப் புகலிடம் என்ற கருத்து, அறுவைச் சாவுகள் மலிந்த காலத்தில் விதைக்கப்பட்டு, ஸ்டீராய்டால் வளர்ந்து, அகல வெட்டின் கொடுமைகளுக்கு எதிர்வினையாக உறுதிப்பட்டது. அந்த மூன்று சூழல்களும் இன்று இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 40 செ.மீ.க்குள் அடங்கிய நோயோடு வருபவரிடம், முதல் சந்திப்பிலேயே ஊசி மருந்தையும் சிறுதுளை அறுவையையும் சம மதிப்புள்ள இரண்டு வழிகளாக எடுத்துச் சொல்ல வேண்டும். அறுவையைத் தேர்ந்தெடுத்தவரின் குடலை ஆறாம் மாதம் அகநோக்கியால் பார்ப்பதற்கான தேதியை, அவர் வீடு திரும்பும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.